ரோஸ் நிறப் பிடரி

கல்யாண ஊர்வலத்துக்காக வெள்ளைக் குதிரை முத்தழகியின் பிடரியில் ரோஸ் சாயம் பூசினார்கள். ஒரு குளியலில் போய்விடும் என்றார்கள். நாலு குளியலுக்கும் போகவில்லை. அவள் குட்டியோ அம்மாவை அடையாளம் தெரியாமல் மிரண்டு, காலையிலிருந்து பாலே குடிக்கவில்லை.

முத்தழகி பிடரியைச் சுவரில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். முடிதான் கொத்தாக உதிர்ந்தது. சாயம் அப்படியே இருந்தது.

அழுக்குமூட்டை சுமந்து வந்த கழுதை பொதியன் நின்றான். “ஏக்கா, மொட்டையாப் போனா மட்டும் பிள்ளைக்கு அடையாளம் தெரியுமாக்கும்?”

“துணி வெளுக்கிற காரத்தைக் கொண்டாடா. ஒரே தேய்ப்பில போகட்டும்.”

“அது வேட்டிக்கு. முடி வெந்துபோகும். தேங்காயெண்ணெயை ஊறவிட்டு அலசு, கொஞ்சங் கொஞ்சமா விடும்.”

சேணத்துக்குத் தடவ வைத்திருந்த எண்ணெயை அவனே பிடரியில் கவிழ்த்துவிட்டுப் போனான்.

ஊறும்வரை சும்மா நிற்கவேண்டியிருந்தது. சும்மா நின்றவள் குட்டியைப் பார்த்து மெல்லக் கனைத்தாள். தேய்க்கிற மும்முரத்தில் காலையிலிருந்து ஒருதரம்கூட அதைக் கூப்பிடவில்லை. குட்டி காதைத் தூக்கியது.

சாயங்காலம் பொதியன் வந்தான். “நல்லா ஊறியிருக்கும், வாக்கா, குளத்தில அலசலாம். இன்னும் ரெண்டு தரம் எண்ணெய் வைக்கணும்.”

“மெதுவாப் பேசுடா” என்றாள் முத்தழகி, அசையாமல். “குடிச்சிக்கிட்டிருக்கான்.”