யோக்கியமான மாத்திரை

பறிமுதல் செய்த தூளை ஆய்வக வேதியியலாளர் ஜெசிந்தா அகச்சிவப்புக் கருவியில் வைத்ததும், திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு விழுந்தது. "மெத்தாம்பெட்டமைன்" என்றார். நிருபர்களுக்கு முன்னால் போதை ஒழிப்பின் அவதாரமாகவே நின்றிருந்த எஸ்.பி. திருமலைச்சாமிக்கு அது போதவில்லை. "யோக்கியமான மாத்திரைக்குக் கோடு எப்படி வருதுன்னும் காட்டும்மா. தலைவலிக்குன்னு காலைல என் பையன் மேசையிலேர்ந்து எடுத்தேன், போடத்தான் நேரமில்லை. டாக்டருக்குப் படிக்கிறான்" என்று சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

ஜெசிந்தா அதைச் சுரண்டி வைத்தார். அதே மேடு, அதே பள்ளம்.

"மெஷின் ரிப்பேரா?"

"இல்லை சார்."

கேமராக்கள் எல்லாம் எஸ்.பி.யின் பக்கம் திரும்பின. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவலி, தலைவலின்னு தினமும் போடுறான்மா" என்றார். "தண்ணி நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்."