வலை இல்லாத லோரி

"இறங்குய்யா கீழே!"

செம்பனைக் குலைகளை ஏற்றி வந்த லோரிக்குக் குறுக்கே என் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். எனக்குப் பின்னால் எங்கள் தாமான் குடியிருப்பே திரண்டு நின்றது.

காலையில் இதே லோரியிலிருந்து ஒரு குலை உருண்டு, ரோட்டோரம் கடை விரிக்கப் போய்க்கொண்டிருந்த ஸலிமா அக்காவின் தோளில் விழுந்துவிட்டது. இருபது கிலோ கனம், சுற்றிலும் முள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் ரோடெல்லாம் சிதற, அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கை எலும்பு முறிந்திருந்தது. மூன்று பிள்ளைகள் அந்தக் கையை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள்.

குலை விழுந்ததுகூடத் தெரியாமல் போன டிரைவர், இரண்டாம் நடை வரும்போது மாட்டிக்கொண்டார். பெயர் ஹஸ்புல்லா. ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன்யா, மேலே ஒரு வலை போட்டா உன் கை ஒடிஞ்சா போயிடும்? இப்ப யாரு கை ஒடிஞ்சிருக்கு பாரு!"

"தப்புதான் அண்ணே."

"அண்ணனாம் அண்ணன்! எவன் செத்தா உனக்கென்ன, எண்ணெய் மில்லுல போய்க் கொட்டினாப் போதும். அப்படித்தானே?"

"நல்லாக் கேளுங்க செக்ரட்டரி!" என்றது கூட்டம்.

குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வலை போடாத லோரிகளைப் பற்றிப் போன கூட்டத்தில் அரைமணி நேரம் முழங்கியவன். இன்றைக்கு விடுவேனா?

"வலை இருந்துச்சு அண்ணே."

"இருந்த வலை எங்க? ரெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தலை நிமிரவில்லை.

"நோன்புப் பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அண்ணே. வலை மழையில நனைஞ்சிருந்துச்சு. பள்ளிவாசல் எதிர்ல லோரியை நிறுத்திட்டு, காயட்டும்னு புல்லு மேல விரிச்சுப் போட்டுத் தொழப் போனேன். வந்து பார்த்தா காணோம். ஓரம் கிழிஞ்சிருந்ததை என் பொஞ்சாதி சிவப்பு ராஃபியா கயிறு வச்சு முடிச்சு முடிச்சாக் கட்டிக் கொடுத்திருந்தா. முதலாளி இந்தா வருது, அந்தா வருதுங்கறாரு. ஓட்டலேன்னா வேலை போயிடும். சும்மா ஒரு கயித்தைக் கட்டி ஓட்டுறேன்."

"பள்ளிவாசல் முன்னால எவன்யா திருடுவான்? கதை விடுறான்!" என்றார் பக்கத்து வீட்டு கிம் ஹோக். "நீங்க விடாதீங்க செக்ரட்டரி!"

நான் மோட்டார் சைக்கிளை ஓரமாகத் தள்ளி நிறுத்தினேன்.

போக்குவரத்து இலாகா அதிகாரி வந்து சேர்ந்தார். விவரம் கேட்டார். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்.

"வலை திருட்டுப் போனதைப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா எழுதிக்கறேன். விசாரணையில இவருக்கு உதவும்."

ஹஸ்புல்லா என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க அந்த வழியாத்தானே தினம் வேலைக்குப் போறீங்க? நான் பார்த்திருக்கேன். அன்னிக்கு எதுவும் கண்ணுல படலையா?"

"இல்ல," என்றேன்.

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். கிம் ஹோக் என் முதுகில் தட்டி, "உங்களை மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்" என்றார். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் நாலு பேர் கைகுலுக்கிவிட்டார்கள்.

கொல்லையில் மனைவி கூடை நிறையப் பாகற்காய் பறித்து வைத்திருந்தாள்.

"ஸலிமா அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடவா போறது? பிள்ளைங்க பாவம், இதைக் கொடுத்துட்டு வாங்க. ரோட்டுல எவனோ வீசிட்டுப் போனதுன்னு அன்னிக்கு ஒரு வலை எடுத்துட்டு வந்தீங்களே, பந்தலுக்கு என்னமாத் தாங்குது பாருங்க!"

நிமிர்ந்து பார்த்தேன். சிவப்புக் கயிற்று முடிச்சுகளுக்கு நடுவே இன்னும் நாலைந்து காய்கள் தொங்கிக்கொண்டிருந்தன.