ஹாஜியார் கொண்டுபோன அபாயா

குசினியில அடுப்புக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு இறால் கோது உடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஸுஹைறா ராத்தா ஓடி வந்தா.

"றுஸ்தா, என்ட கறுத்த அபாயாவக் கண்டியா புள்ள? துபாயில இருந்து வந்தது!"

"இல்ல ராத்தா."

நான் வேலை செய்யிற வீட்டுக்காரி அவ. அவட மனிசன் மிஹ்லார் ஹாஜியார், பொம்பிளப் புள்ளைகள்ற மத்ரசாவுக்குத் தலைவர். மத்ரசா வளவு மூன்று ஏக்கர், முழுக்கப் புல். ஏறி இருந்து ஓட்டுற புல்லு வெட்டுற மிசின் ஒன்று பார்க்க, மகன் றிம்சானோட விடியவே அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார்.

பக்கத்து வீட்டு சரீபா மாமி வாசலில நின்று சொன்னா: "அத உன்ட மனிசன்தான் கொண்டு போனாரு. சொப்பிங் பேக்ல சுருட்டி, கக்கத்துக்குள்ள வெச்சிக்கிட்டு. நான் கண்ணால கண்ட."

"மிசின் கடைக்கு என்னத்துக்குகா அபாயா?"

"மிசின் கடைக்குத்தான் போனாரெண்டு ஆரு கண்ட? வேற ஒருத்திக்குத் தைக்க அளவுக்குக் கொண்டு போயிருப்பாரு."

ராத்தா கதிரையில பொத்தென்று இருந்திட்டா. "அல்லாஹ்வே! அறுபது வயசில இந்த மனிசனுக்கு ரெண்டாம் கலியாணமா?"

எனக்கு அப்பதான் ஞாபகம் வந்தது. மூன்று நாளைக்கு முன்னால ஹாஜியார் என்னிடம் கேட்டவர்: "புள்ள, நீ எத்தின அடி உயரம்? எத்தின கிலோ?" நானும் வெட்கத்தோட சொல்லிட்டேன்.

இதை ராத்தாவுக்குச் சொன்னால் என்ன ஆகும்? என் பிள்ளைக்கு ஒன்றரை வயசு. தகப்பன் விட்டுட்டுப் போயிட்டான். இந்த வேலையும் போனால் பால்மாவுக்கு எங்கே போறது? சட்டியில கிடந்த இறாலைவிட நான்தான் கூடச் சுருண்டிருந்தேன்.

"உனக்கென்னகா முகம் வெளிறிக் கிடக்கு?" மாமி விடுறதாயில்லை.

நல்லவேளை, ராத்தாட போன் அடித்தது. றிம்சான் வீடியோவில.

"உம்மா, வாப்பாவப் பாருங்க!"

மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். மிசின் கடை வளவு. ஹாஜியார் சாறனுக்கு மேலால ராத்தாட அபாயாவை இடுப்பில சுற்றிக் கட்டிக்கொண்டு ஒரு சிவப்பு மிசினில இருக்கிறார். அதில ஸ்டியரிங் இல்லை, இரண்டு கம்பி மட்டும்தான். அது நின்ற இடத்திலேயே சுற்றுது. தொப்பி ஒரு பக்கம் பறக்குது. கடைக்காரர் குணம் பின்னால ஓடுறார்.

"ஹாஜியார், ரெண்டு கையையும் ஒண்டாத் தள்ளுங்க! ஒண்டா!"

"இது வேணாம்! இறக்குங்க என்ன!"

அடுத்தது கியர் போடுற மிசின். பத்தடி போகல்லை, அபாயாட கரை கீழே சுற்றுற சில்லுக்குள்ள மாட்டி டர்ரென்று கிழிந்தது.

"என்ட துபாய் அபாயா!" ராத்தா போனுக்குள்ள பாயப் பார்த்தா.

மூன்றாவதுக்கு ஸ்டியரிங் இருந்தது. கியர் இல்லை, காலால மிதித்தால் ஓடும். சில்லு நான்குக்கும் மூடி. ஹாஜியார் மாப்பிள்ளை ஊர்வலம் போல கையைக் காட்டிக்கொண்டு இரண்டு தரம் சுற்றி வந்தார். துணியில ஒரு நூல்கூட மாட்டல்லை. சரீபா மாமி சிரித்துச் சிரித்துச் சுவரோடு சறுக்கிக் கீழே இருந்திட்டா.

"உங்களுக்கு மண்டை கழண்டிட்டா?" ராத்தா கத்தினா. "மிசினில ஏற அபாயா என்னத்துக்கு?"

ஹாஜியார் மூச்சு வாங்கிக்கொண்டு போனை வாங்கினார். "புல்லு வெட்ட ஆம்பிள வந்தா, இருநூறு புள்ளைகள் ரெண்டு நாளைக்கு ஜன்னலப் பூட்டிக்கிட்டு உள்ளுக்குள்ள அவியிதுகள். ஒரு பொம்பிள ஓட்டினா அந்தக் கரைச்சல் இல்ல. அபாயா மாட்டாத மிசின் எது எண்டு கேட்டா, குணத்துக்குத் தெரியாதாம். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லயாம். அதான் நானே கட்டிப் பார்த்த."

"எந்தப் பொம்பிள?" ராத்தாட குரல் இன்னும் இறங்கல்லை.

"அஞ்சடி ஒண்டு. நாப்பத்திரெண்டு கிலோ. தன்ட வாப்பாட லேண்ட்மாஸ்டர் உழவு மிசின வயலுக்குள்ள ஓட்டிப் பழகினவள். மத்ரசாவில மாசச் சம்பளம், அவட புள்ளையையும் அங்கயே வெச்சிக்கொள்ளலாம். முதல்ல சொன்னா, குசினிக்கு ஆளில்ல எண்டு நீ மறிப்பாய். அதான் சொல்லல்ல."

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு எழும்பிக் குதிக்கவேணும் போல இருந்தது. வெட்கத்தில குனிந்து சிரித்தேன்.

"ஒரேயொரு சிக்கல்தான்," ஹாஜியார் சொன்னார். "சீற்றில பாரம் காணாட்டி, பள்ளத்தில துள்ளக்குள்ள மிசின் தன்பாட்டில நிண்டிருமாம். குறைஞ்சது நாப்பத்தஞ்சு கிலோ வேணுமாம்." பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒரு வருசமா நம்மட குசினியிலதானே நிக்கிறாள், ஸுஹைறா. நாம என்னத்தக் குடுத்தோம்?"

ராத்தாட கண் இறால் சட்டிக்குப் போனது. எல்லாரும் தின்று முடிய, சட்டியில அடியில கிடக்கிறதுதான் என் பங்கு. அதை அதுவரைக்கும் அந்த வீட்டில ஒருத்தரும் கதைத்ததில்லை.

அது நடந்து ஒரு மாசம். மிசின் மத்ரசா வளவுக்குள்ள நிற்குது. நான் நேற்றே நாற்பத்தாறு கிலோ வந்திட்டேன். அதை ராத்தாவுக்கு இன்னும் சொல்லல்லை. ஏனென்றால் ஒவ்வொரு நாளும் தன் கையால எனக்கு முதல் சோறு போட்டு, நான் தின்று முடியுமட்டும் எதிரில இருந்து பார்க்கக்குள்ள அவட முகம்...

"றுஸ்தா! வா மகள், சோறு ஆறுது!"