கெட்டில் போடக் கூடாத நேரம்

“கெட்டிலப் போட்டுடாத கண்ணு, லோடாகுது!” என்று ஹாலிலிருந்து கத்தினார் கிளிஃபர்ட்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டில் எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சலித்த சத்தம். பழைய வீடு, பழைய ஒயரிங். கெட்டிலைப் போட்டால் விளக்கு ஒரு நொடி மங்கும். கேசட்டிலிருந்து கீச்சுச் சத்தத்தோடு புரோகிராமை ஏற்றிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வெறும் திரையைக் காட்டும்.

அடுக்களையில் அவர் மனைவி ஏவ்ரில் சட்டென்று கையை எடுத்தாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனுஷர் இப்படி அதட்டி எத்தனை மாதமாயிற்று!

இப்போது ஓடும் இந்தக் கேசட்டுக்காக அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? எண்களைக் கொடுத்தால் கோடு வரைகிற புரோகிராம் வேண்டும், அதுவும் பரணில் கிடக்கும் அந்த ரப்பர் பொத்தான் கம்ப்யூட்டருக்கே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார் கிளிஃபர்ட். இவர்களிடம் இருந்த கேசட்டில் மகன் ரேடியோப் பாட்டைப் பதிந்து தொலைத்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான், மகராசன். ஹாலிஃபாக்ஸ் ஊரில் பழைய சாமான் விற்கிற சாரிட்டி கடை ஒன்று பாக்கியில்லை. கடைசியில் சர்ச் ஹாலில் கூடுகிற பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்களில் ஒரு தாடிக்காரர்தான் மேசைக்கு அடியில் துழாவி எடுத்துக் கொடுத்தார்.

எதற்கு என்று மட்டும் கிளிஃபர்ட் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் ஆயிற்றே, ஏதோ ஆசை என்று அவளும் விட்டுவிட்டாள்.

சட்டையைப் புறம் மாற்றிப் போடுகிறவர், பேத்தியின் பெயரைத் தேடுகிறவர், இந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் விரல் தடுமாறுவதில்லை. அதுவே அவளுக்குப் போதும்.

ஞாபக மறதிக்கான கிளினிக்கிலிருந்து திரும்பும்போதெல்லாம் காரில் கேட்பார், டெஸ்டில் எவ்வளவு மார்க் என்று. போன தடவை மாதிரியேதான் என்பாள். தலையாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

கீச்சுச் சத்தம் நின்றதும் அவள் ஹாலுக்கு வந்தாள். கம்ப்யூட்டருக்குத் திரையாக மாட்டியிருந்த டிவியில் கிராஃப் தாள் போலக் கட்டம் கட்டமாக வந்தது.

கிளிஃபர்ட் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, அதன் உள்மூடியில் பென்சிலால் கிறுக்கியிருந்த எண்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்.

முதல் கோடு மேசை விளிம்பு போல நேராகப் போனது. இரண்டாவது அங்கேயே தொடங்கி, மாதத்துக்கு மாதம் கீழே இறங்கியது.

“மேல இருக்கறது நீ சொன்ன மார்க். கீழ இருக்கறது நர்ஸ் எழுதின மார்க்.”

அந்த நர்ஸ் இவரிடம் ஒருநாளும் தாளைக் காட்டியதில்லை. ஆனால் காலமெல்லாம் பிள்ளைகளின் மேசைக்கு எதிரே நின்று அவர்கள் நோட்டைத் தலைகீழாகவே படித்துப் பழகிய மனுஷருக்கு யார் காட்ட வேண்டும்?

அவர் ஸ்கேலைத் திரையில் வைத்து, இறங்கும் கோட்டை அடிவரைக்கும் நீட்டினார்.

“கிறிஸ்மஸுக்குள்ள தரையத் தொட்டுடும். அதுக்கு முன்னாடி என்னை எங்கயாவது ஹோம்ல சேர்த்துடு, ஏவ்ரில். நீ யாருன்னு உங்கிட்டயே கேக்கற வரைக்கும் வெச்சிருக்காத.”

அவள் அடுக்களைக்குப் போனாள். தெரிந்தேதான் கெட்டிலின் பொத்தானைத் தட்டினாள்.

விளக்கு ஒரு நொடி மங்கி மீண்டது.

அவள் அவரது அதட்டலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது, வெறும் திரைக்கு முன்னால் ஸ்கேலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்ன வரைஞ்சுட்டு இருந்தேன்?”

வேண்டுமென்றே கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். கடவுளே, இல்லை.

“நேரா ஒரு கோடு,” என்றாள். “ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல.”

கண்ணாடிக் கூட்டை மூடித் தன் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள்.