கழுதை உதைத்த பந்து

காளைகளின் பந்தாட்டக் குழுவில் ஒரே ஒரு கழுதை இருந்தது. காளைகள் பந்தோடு முட்டி மோதி முன்னேறும். இனி ஓரடிகூட நகர முடியாது என்று ஆன பிறகுதான் கழுதையைக் கூப்பிடும். அது பின்னங்காலால் ஓங்கி ஓர் உதை விடும். பந்து எதிரணியின் எல்லைப் பக்கம் போய் விழும். கழுதை மறுபடி மைதானத்தின் ஓரத்துக்கு வந்து தனியாக நின்றுகொள்ளும்.

அது உள்ளே வந்தாலே, இந்த முறையும் நம்மால் முடியவில்லை என்று கூட்டம் முனகும். ஜெயித்த நாட்களில் காளைகள் ஒன்றையொன்று தோளில் இடித்துக் கொண்டாடும். கழுதையை யாரும் இடித்ததில்லை. வருஷங்கள் இப்படியே போயின.

ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் தலைமைக் காளை வந்தது.

"அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைப் பாத்துட்டோம்ப்பா."

"சரி," என்றது கழுதை.

அது கிளம்பும்போது எதிரணி முயல் ஓடி வந்தது. கழுதை உதைக்கும் பந்தைப் பிடிப்பதற்காக அந்தக் கோடியில் தனியாக நிற்பது அந்த முயல்தான்.

"அண்ணே, இனிமே வரமாட்டீங்களாமே. உங்க பந்து மேலே போனா லேசுல இறங்காது. ஆகாசத்துலயே ஒட்டிக்கிச்சோன்னு பாத்துக்கிட்டே நிப்பேன். அதுக்குள்ள காளைங்க வந்து என்னைச் சுத்திக்கும்."

"அவ்வளவு உயரமாவா போகுது?"

"நீங்க பாத்ததே இல்லையா?"

"முதுகைக் காட்டிக்கிட்டுத்தானே உதைக்கிறேன். திரும்புறதுக்குள்ள ஒரே புழுதி."

தூரத்திலிருந்து முயலை அதன் கூட்டம் கூப்பிட்டது.

"இன்னொரு வாட்டி சொல்லிட்டுப் போ," என்றது கழுதை.

முயல் முன்னங்காலால் வானத்தைக் காட்டி முதலிலிருந்து சொன்னது. கழுதை அண்ணாந்து பார்த்தபடி கேட்டுக்கொண்டது.