ஸ்க்ரூ உள்ள ராக்கர்

உப்பளத்துக் கூலியாட்கள் வெயில் ஏறுவதற்குள் போய்விடுவார்கள். அதன்பிறகு பம்பு கொட்டகையில் பம்பு ஓட்டும் சவரிராயனும் டீசல் எஞ்சினும் மட்டும்தான். எஞ்சினில் வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம் தேய்ந்துபோனதும் டவுனிலிருந்து மெக்கானிக் கொம்பையா பைக்கில் வந்தான். இரண்டு ராக்கர்களை எடுத்துச் சாக்கின்மேல் வைத்தான்.

"அண்ணாச்சி, இதுல ஸ்க்ரூ கிடையாது. மாட்டியாச்சுன்னா அதுபாட்டுக்கு ஓடும். நான் இந்தப் பக்கமே வர வேண்டாம். அதுல ஸ்க்ரூ உண்டு. கேப் கூடிச்சுன்னா டக்கு டக்குன்னு அடிக்கும். ஒவ்வொரு தடவையும் நான் வந்து செட் பண்ணணும்."

சவரிராயன் இரண்டையும் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஸ்க்ரூ உள்ளதையே போடு தம்பி."

"எதுக்கு அண்ணாச்சி வீண் அலைச்சல்?"

"போடு."

சில வாரங்களில் சத்தம் கேட்பதாகப் போன் வந்தது. கொம்பையா வந்து சரிசெய்தான். கருப்பட்டிக் காப்பி குடித்தான். மகளுக்குப் பல் முளைத்திருப்பதைச் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த போன் இன்னும் சீக்கிரம் வந்தது. அதற்கடுத்தது அதைவிடச் சீக்கிரம்.

இந்த முறை மூடியைத் திறந்ததும் அவன் கை நின்றது. ஸ்க்ரூ நகராமல் பிடித்திருக்கும் லாக் நட்டின் முனைகளில், ஏதோ பொருந்தாத ஸ்பேனர் புதிதாகக் கடித்த தடம். அவன் நிமிர்ந்து பார்த்தான். சவரிராயன் அடுப்பின் பக்கம் திரும்பி நின்று இரண்டு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாப்பாக்கு இப்போ எத்தனை பல்லு?" என்றார், திரும்பாமலே.

"நாலு அண்ணாச்சி."

கொம்பையா ஸ்க்ரூவைச் சரியாக வைத்தான். பிறகு லாக் நட்டை முழுதாக இறுக்காமலே மூடியைப் போட்டான்.