திரும்பி வரும் உயரம்

“ஒரே ஒரு திருகு. அதை லேசா லூஸ் பண்ணி விடுங்க. நாளைக்குக் கூட்டத்துல எல்லாரு முன்னாலயும் குப்புற விழட்டும்!”

கலைச்செல்வி புருஷனிடம் ஸ்குரூடிரைவரை நீட்டினாள். நாளைக்குத் தயாராக வை என்று செக்ரட்டரி சாம்பசிவன் கொடுத்துவிட்டுப் போன புது டிரோன், வாட்ச்மேன் அறைக் கட்டிலில் காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. பிச்சைக்கனி ஸ்குரூடிரைவரை வாங்கினான். நான்கு இறக்கைகளின் திருகுகளையும் நன்றாக இறுக்கினான்.

“உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? இது பறந்தா நம்ம சோத்துல மண்ணுல்லா!”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கரமனையில் எட்டே வீடுகள் உள்ள அந்த ஃபிளாட்டில் பிச்சைக்கனிக்கு ஆறு வருட வேலை. அந்த ஒற்றை அறையில் இருந்துதான் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நாளைக் கூட்டத்தில் டிரோனைப் பறக்கவிட்டு, இனி காவலுக்கு இதுவே போதும் என்று தீர்மானம் போட்டு, அவனை வெளியே அனுப்புவதாகச் சாம்பசிவன் ஏற்பாடு.

குற்றம் என்னவென்றால், தண்ணீர். எட்டு வீட்டுக்கும் மொட்டைமாடியில் இருப்பது ஒரே டாங்க். மூன்று மாதமாகக் காலை எட்டு மணிக்கே குழாயில் காற்றுதான் வருகிறது. வாட்ச்மேன் நேரத்துக்கு மோட்டார் போடாமல் மாடியில் போய்த் தூங்குகிறான் என்று சொல்லி, மாடிச் சாவியைப் பிடுங்கித் தன் பூணூலில் முடிந்துகொண்டார் சாம்பசிவன். ‘தூங்குமூஞ்சி’ என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸே ஒட்டினார். ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தவனுக்கு வயிறு எரியாதா? எரிந்தது.

இதில் கூத்து என்னவென்றால், அந்த டிரோனைப் பறக்க வைக்கவும் பிச்சைக்கனிதான் வேண்டியிருந்தது. இங்கே வருவதற்கு முன் அவன் கல்யாண வீடியோக்காரர்களுக்கு டிரோன் பெட்டி சுமந்தவன். சாம்பசிவனுக்கோ ரிமோட்டில் எது மேலே, எது கீழே என்றே பிடிபடவில்லை.

வாங்கி வந்த முதல் நாள் கிளம்பியதுமே டிரோன் குட்டிக்கரணம் போட்டது.

“டூப்ளிகேட் சாமானை என் தலையில கட்டிட்டானா?”

“இறக்கை ரெண்டு தினுசு சார். கோடு போட்டதைக் கோடு போட்ட மோட்டார்லதான் மாட்டணும். நீங்க மாத்தி மாட்டிட்டீங்க.”

இரண்டாம் நாள் மேலே போய், செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. அப்போதுதான் கழுவி ஈரம் சொட்டிக்கொண்டிருந்த தன் காரின் மேல் வைத்து டிரோனின் திசைகாட்டியைச் சரிசெய்திருந்தார் சாம்பசிவன்.

“கார் இரும்புல்லா சார். பக்கத்துல வச்சா திசை தப்பிரும். தள்ளிப் போய்ச் செய்யுங்க.”

“ம்ம். தூங்கறதைத் தவிர இதுவும் தெரியுமோ நோக்கு?”

மூன்றாம் நாள் டிரோன் ஒழுங்காகப் பறந்தது.

“இன்னும் ஒண்ணு இருக்கு சார். இந்தப் பட்டனை அமுக்கினா எங்க இருந்தாலும் கிளம்பின இடத்துக்குத் தானா வந்துரும். ஆனா திரும்பி வரும் உயரத்தைக் கட்டடத்தைவிடக் கூட வைக்கணும். இல்லேன்னா சுவத்துல மோதிரும்.”

“எத்தனை வைக்கணும்?”

“கட்டடம் பதினஞ்சு மீட்டர். முப்பது வைங்க.”

வைத்தார். இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த கலைச்செல்விக்குத்தான் பொறுக்கவில்லை.

“நம்ம குழியை நீங்களே வெட்டுதீங்க!”

“ஏட்டி, சும்மா கிட. என் வயித்தெரிச்சல் அடங்கணும்னா இது நல்லா பறக்கணும்.”

ஞாயிறு மாலை. கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள், எதிரே பெரிய டி.வி. டிரோன் கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டுப் பறக்கவிட்டார் சாம்பசிவன். கேட் தெரிந்தது, சைக்கிள்கள் தெரிந்தன, மூன்றாம் மாடி சுசீலாபாய் காயப்போட்ட வேட்டிகூடத் தெரிந்தது.

“அடிபொளி சார்!” என்று முதல் மாடி ஆதர்ஷ் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

“பாத்தேளா? இது தூங்காது. இனி நமக்கு வாட்ச்மேனே வேண்டாம், கேட்டேளா!”

அறை வாசலில் நின்ற கலைச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கை தட்டல் தந்த தெம்பில் சாம்பசிவன் டிரோனைக் கட்டடத்தின் பின்பக்கம் ஓட்டினார். நடுவில் கட்டடம் மறைத்ததும் படம் விட்டு விட்டு வந்தது. அவர் பின்னால் நின்ற பிச்சைக்கனியைப் பார்த்துக் கத்தினார்.

“பிச்சைக்கனி! எங்கேயோ போறதேடா! இப்ப என்ன பண்ண?”

“திரும்பி வர்ற பட்டனை அமுக்குங்க சார்.”

அமுக்கினார். டிரோன் சமர்த்தாக நேரே மேலே ஏறியது. இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, நான்காம் மாடி எல்லாம் தாண்டி, கட்டடத்துக்கு மேலே நிதானமாகத் திரும்பி வந்தது. டி.வி.யில் மொட்டைமாடி முழுசாக விரிந்தது.

“ஐயோ, நிறுத்துடா! டி.வி.யை அணைடா!” சாம்பசிவன் ரிமோட்டைப் போட்டு அமுக்கு அமுக்கென்று அமுக்கினார்.

சுசீலாபாய் எழுந்து வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டி.வி.க்குள் குனிந்தாள். “இது என்னது? நம்ம டாங்க்ல இருந்து பைப்பு எங்க போவுது?”

பிச்சைக்கனி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“நல்லாப் பாருங்கம்மா, ராத்திரியோட ராத்திரியா ஏத்துன அந்த ரெண்டாவது டாங்க் சார் வீட்டுக்கு மட்டும்.”